சிங்கப்பூரில் பைக் ஓட்டுபவர்கள் ஒருவரையொருவர் கேட்கும் அசட்டுக் கேள்விகள்: உங்களிடம் யார் என்ன கேட்டார்கள்?

#1 ஈசூன்_இருசக்கரம்

போன வெள்ளிக்கிழமை இரவு ஆறு பேர் அப்பர் தாம்சன் பக்கம் பிராட்டா சாப்பிடப் போயிருந்தோம். கிளம்பும் நேரத்தில் ஒருவர் தன் ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றுகொண்டு, "என் சாவியை யாராவது பார்த்தீங்களா?" என்று கேட்டார். மற்ற ஐந்து பேரும் ஒன்றாகத் திரும்பி அவருடைய சீட்டைப் பார்த்தோம். ஹெல்மெட்டை வெளியே எடுத்தவர் சாவியை உள்ளே வைத்துவிட்டுச் சீட்டை அழுத்தி மூடியிருந்தார். அவர் தம்பி பொங்கோலிலிருந்து மாற்றுச் சாவியோடு வந்து சேரும்வரை இன்னொரு சுற்று தே தாரிக் (இழுத்து ஆற்றிய பால் தேநீர்).

அந்த முக்கால் மணி நேரப் பேச்சில்தான் இந்த இழைக்கு யோசனை வந்தது. நாம் ஒருவரையொருவர் கேட்கிற கேள்விகளை எழுதி வைத்தால் ஒரு புத்தகம் தேறும். சிக்னலில் பக்கத்தில் வந்து நிற்பவர் "எவ்வளவு போகும் அண்ணே?" என்கிறார். இந்தத் தீவின் மிக நீளமான விரைவுச்சாலையான பி.ஐ.இ.யே 43 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, வேக வரம்பும் 90-ஐத் தாண்டாது, ஆனாலும் கேட்கிறார்கள். நானும் கேட்டிருக்கிறேன். "இண்டிகேட்டர் மூணு கிலோமீட்டரா அடிச்சிட்டே வருதே, எங்கதான் திரும்பப் போற?" "ஹெல்மெட்டுக்குள்ள மூக்கு அரிச்சா என்ன பண்ணுவே?" "உன் கை மட்டும் ஏன் ரெண்டு கலரா இருக்கு?"

சிரிப்புக்காக மட்டும் இதைத் தொடங்கவில்லை. 200 சிசி வரையிலான பைக்குகளுக்கான 2பி உரிமம் எடுத்த முதல் மாதம், ஓர் அடுக்குமாடி புளோக்கின் கீழே நிறுத்தியிருந்த வண்டி கிளம்பவே இல்லை. பட்டனை அழுத்தினால் சத்தமே இல்லை. ஜூலை மாத மத்தியான வெயிலில் ஒன்றரை கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு ஒர்க்ஷாப்புக்குப் போனேன். அங்கிருந்தவர் வலது கைப்பிடியில் இருந்த, இன்ஜினை நிறுத்தும் சிவப்புச் சுவிட்சைத் தட்டினார், வண்டி கிளம்பிவிட்டது. யாரோ ஒரு சிறுவன் விளையாட்டாக அதை அணைத்துவிட்டுப் போயிருக்க வேண்டும். நான் வண்டியைத் தள்ளத் தொடங்கியபோது பக்கத்திலேயே இரண்டு பேர் தங்கள் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். கேட்டால் என்ன நினைப்பார்களோ என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அரை நிமிடத்தில் முடிந்திருக்கும்.

அதனால் இங்கே எந்தக் கேள்வியும் எழுதலாம். கேள்விக்குச் சிரியுங்கள், கேட்டவரைச் சீண்டாதீர்கள்.

#2 மழைக்கோட்டு

என்னிடம் அதிகம் வந்த கேள்வி: "ப்ரோ, வண்டி நல்லா ஸ்டார்ட் ஆகுது, கியர் போட்டதும் செத்துடுது. இன்ஜின் போச்சா?"

சைடு ஸ்டாண்ட் கீழே இருக்கிறது, அவ்வளவுதான். ஸ்டாண்டை மடிக்காமல் கியர் போட்டால் இன்ஜின் நின்றுவிடும்படி அங்கே ஒரு சுவிட்ச் வைத்திருக்கிறார்கள். ஸ்டாண்ட் நீட்டியபடியே இடது பக்கம் சாய்ந்து திரும்பினால் அது தரையில் குத்தி வண்டியைத் தூக்கிப் போட்டுவிடும் என்பதால்தான் இந்த ஏற்பாடு. பழைய வண்டிகள் பலவற்றில் அந்தச் சுவிட்ச் கிடையாது. நம் ஊரில் முன்பின் தெரியாதவர்கள்கூட "ஸ்டாண்ட்! ஸ்டாண்ட்!" என்று கத்துகிறார்களே, அந்தப் பழக்கம் அந்தக் காலத்து வண்டிகளிலிருந்து வந்தது என்று நினைக்கிறேன். எனக்கு மிகப் பிடித்த பழக்கம் அது.

இன்னொன்று, விரைவுச்சாலையில் மேம்பாலத்துக்கு அடியில் மோட்டார் சைக்கிளுக்கென்று ஒதுக்கிய இடத்தில் மழைக்கு ஒதுங்கும்போது கேட்பது. போன டிசம்பரில் எஸ்.எல்.இ.யில் பதினைந்து இருபது பேர் நின்றிருந்தோம். உணவு கொண்டுபோகும் பையன்கள், மருத்துவமனைச் சீருடையில் ஒரு தாதி, மலேசியாவின் ஜோகூருக்குத் திரும்பிக்கொண்டிருந்த இரண்டு பேர். ஒரு சீனப் பெரியவர் என் பக்கம் திரும்பி, ஆங்கிலத்தில், "இது நிற்குமா?" என்று கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? ஆனாலும் வானத்தை நன்றாக அண்ணாந்து பார்த்துவிட்டு, "பத்து நிமிஷம்" என்றேன். அவர் அதை அடுத்தவரிடம் மலாயில் சொன்னார். அது அப்படியே வரிசை முழுவதும் போய்க் கடைசியில் நின்ற தமிழ்ப் பையனிடமிருந்து எனக்கே திரும்பி வந்தது: "அண்ணே, பத்து நிமிஷத்துல விட்டுடுமாம்."

ஆண்டுக்குச் சராசரியாக 171 நாள் மழை பெய்கிற ஊர் இது. அந்தக் கேள்வி இல்லாமல் நம்மால் இருக்க முடியாது.

#3 உட்லண்ட்ஸ்_விடியல்

நான் ஜோகூரிலிருந்து தினமும் வந்து போகிறவன். விடியற்காலை நாலரைக்கு, இரண்டு நாட்டையும் இணைக்கும் கடற்பாலத்தில் முன்னாலும் பின்னாலும் கண்ணுக்கு எட்டிய வரை பைக்தான். ஒரு கிலோமீட்டர் நீளப் பாலம், சில நாள் அதைக் கடக்க ஒரு மணி நேரம். அங்கே என்னிடம் ஒருவர் கேட்டார்: "அண்ணே, இது பைக் வரிசைதானே?"

நான் சிரிக்கவில்லை. அது அவருக்கு முதல் நாள் என்று முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. "ஆமா தம்பி, என் பின்னாலேயே வாங்க" என்றேன். அந்த வாரம் முழுக்க என் பின்னாலேயே வந்தார்.

முன்பெல்லாம் பாதிப் பாலத்தில் கேட்கும் கேள்வி "கடப்பிதழ் எடுத்தியா?" என்பது. குடிநுழைவில் கடப்பிதழுக்குப் பதிலாகப் போனில் காட்டும் கியூஆர் குறியீடு வந்த பிறகு "போன்ல சார்ஜ் எவ்வளவு இருக்கு?" என்று மாறிவிட்டது. ஆனால் கடப்பிதழை வீட்டில் வைத்துவிட்டு வந்துவிடாதீர்கள், அது எப்படியும் கூடவே இருக்க வேண்டும்.

#4 முதல்ல_தேடிப்பார்

இதெல்லாம் வண்டியோடு வரும் கையேட்டிலேயே இருக்கிறது. படிக்காமல் இங்கே வந்து கேட்டால் எப்படி? இந்தப் பகுதி பயனுள்ள விஷயங்களுக்கு.

#5 ஈசூன்_இருசக்கரம்

கையேட்டில் எல்லாம் இருக்கிறது, சரிதான். ஆனால் வெயிலில் வண்டி நின்றுபோய் வியர்வை கொட்டும்போது யாருக்கும் கையேடு கையில் இருக்காது, பக்கத்தில் ஓர் ஆள்தான் இருப்பார். பழைய வண்டி வாங்கியவர்களில் பாதிப் பேருக்குக் கையேடே கிடைத்திருக்காது. நீங்களும் இருங்கள், உங்களுக்குத் தெரிந்தது நிறைய இருக்கும்.

#6 பழைய_ஆர்எக்ஸ்ஸெட்

1990களிலிருந்து ஓட்டுகிறேன். இத்தனை வருடத்தில் நான் கேட்டதிலேயே அசட்டுத்தனமாகத் தோன்றி, நல்ல கேள்வியாக முடிந்தது இதுதான். காக்கி புக்கிட்டில் ஒரு ஒர்க்ஷாப் வாசலில் ஒரு பையன் கேட்டான்: "அங்கிள், வலது பக்கம் திரும்ப ஹேண்டிலை எந்தப் பக்கம் திருப்பணும்?"

சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். "வலது பக்கம்தான்!" என்றார்கள். நான், "தம்பி, நல்லாக் கேட்டே. இவங்க எல்லாரும் தப்பு" என்றேன்.

நடை வேகத்தில் வலது பக்கம் திருப்பினால் வண்டி வலது பக்கம் போகும், உண்மை. ஆனால் 40, 50 கிலோமீட்டர் வேகத்தில் கதை வேறு. அப்போது வலது கைப்பிடியை முன்னால் மெதுவாகத் தள்ள வேண்டும். அதாவது முன்சக்கரம் ஒரு கணம் இடது பக்கம் திரும்பும். சக்கரம் இடது பக்கம் நழுவியதும் வண்டியின் உடம்பு வலது பக்கம் சாய்கிறது, சாய்ந்ததும் வலது பக்கம் வளைந்து போகிறது. நாம் எல்லாரும் அறியாமலே இதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம். சைக்கிளிலும் இதே கதைதான்.

விமானம் செய்த ரைட் சகோதரர்கள் அமெரிக்காவின் டேட்டன் நகரில் சைக்கிள் கடை வைத்திருந்தவர்கள். அண்ணன்காரர் வில்பர் ரைட், சைக்கிள் ஓட்டும் பலரிடம் "இடது பக்கம் எப்படித் திரும்புகிறீர்கள்?" என்று கேட்டுப் பார்த்திருக்கிறார். முதல் தடவையிலேயே முழுதாகச் சரியாகச் சொன்னவர் ஒருவர்கூட இல்லையாம். தினமும் செய்கிற காரியம், ஆனால் சொல்லத் தெரியவில்லை. அந்தக் காலத்தில் அந்தக் கேள்வியைக் கேட்டவரையும் யாராவது ஏற இறங்கப் பார்த்திருப்பார்கள்.

இது எதற்கு முக்கியம் என்றால், வளைவில் கொஞ்சம் வேகமாக வந்துவிட்டோம் என்று பயம் வரும்போது உடம்பு தானாக வெளிப்பக்கம் இழுக்கும், கை இறுகிவிடும். உள்பக்கக் கைப்பிடியைத் தள்ளினால் வண்டி இன்னும் சாய்ந்து உள்ளே வரும் என்று தெரிந்தவன் தப்பிப்பான். மண்டாய் சாலை வளைவுகளில் நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஓட்டுபவர் எந்தப் பக்கம் தள்ளுவது என்று தெரியாமல், வண்டி நேராகப் புல்தரைக்குப் போயிருக்கிறது. நல்லவேளை, அவருக்குப் பெரிய காயம் இல்லை.

காலியான நேர்ச்சாலையில், வரம்புக்கு உட்பட்ட வேகத்தில், வலது உள்ளங்கையால் லேசாகத் தள்ளிப் பாருங்கள். லேசாக மட்டும்.

#7 முக்கோணத்தகடு

எல்லாருக்கும் வணக்கம். இரண்டு வாரத்துக்கு முன்புதான் 2பி தேர்ச்சி பெற்றேன். பலகை மேல் ஓட்டும் பகுதியில் மனசு படபடவென்று அடித்துக்கொண்டது. இந்த இழையைப் படித்த பிறகுதான் கேட்கத் துணிச்சல் வந்தது.

சனிக்கிழமை வண்டி கைக்கு வருகிறது, ஒருவர் ஓட்டிய 200 சிசி. அம்மா கோயிலில் பூசை போட்ட பிறகுதான் ஓட்ட வேண்டும் என்கிறார். எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்ற வேண்டுமாம். காருக்கு நாலு பழம் வைப்பதைப் பார்த்திருக்கிறேன். பைக்குக்கு இரண்டா? இரண்டையும் ஒரே நேரத்தில் ஏற்றவேண்டுமா? நசுங்காமல் உருண்டு போய்விட்டால் அபசகுனமா? இதை ஒர்க்ஷாப்பிலும் கேட்க முடியவில்லை, கோயிலிலும் கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

#8 மழைக்கோட்டு

தம்பி, இந்த இழை தொடங்கியதே இந்தக் கேள்விக்காகத்தான் போலிருக்கிறது. இரண்டுதான். முன்சக்கரத்துக்கு ஒன்று, பின்சக்கரத்துக்கு ஒன்று.

#9 பழைய_ஆர்எக்ஸ்ஸெட்

இரண்டு பழத்தையும் சக்கரத்துக்கு முன்னால் நன்றாக ஒட்டி வையுங்கள். தள்ளி வைத்தால்தான் உருளும். உருண்டால் எடுத்துத் திரும்ப வைத்துக்கொள்ளலாம், எங்கள் வீட்டில் அப்படித்தான் செய்தோம், ஐயரும் ஒன்றும் சொல்லவில்லை.

ஆனால் ஒன்று. இன்ஜினைக் கிளப்பி ஏற்றாதீர்கள். புது ஆள், கோயில் வாசல், சுற்றிலும் சொந்தக்காரர்கள், கிளட்சைப் பட்டென்று விட்டுவிடுவீர்கள். நியூட்ரலில் போட்டு, பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொள்ள, கையால் நேராகத் தள்ளுங்கள். அப்புறம் டயரில் ஒட்டிய சாற்றையும் தோலையும் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். அதிலும் டயர் புதிதாக மாற்றியிருந்தால் அதன் மேற்பரப்பு ஏற்கனவே வழுவழுப்பாக இருக்கும். முதல் 100 கிலோமீட்டராவது வளைவுகளில் பதமாகப் போக வேண்டும்.

#10 சூப்பர்ஃபோர்_அக்கா

எலுமிச்சம்பழம் பேச்சு வந்ததால் நானும் சொல்கிறேன். பெண் ஓட்டுநர்கள் எங்களுக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு, ஆண்கள் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. "அக்கா, பூ வெச்சுக்கிட்டு ஹெல்மெட் எப்படிப் போடறீங்க?"

தீபாவளி அன்று காலையில் சிராங்கூன் சாலைக் கோயிலுக்கு பைக்கில்தான் போவேன். முதல் வருடம் பூவை வைத்துக்கொண்டு ஹெல்மெட் போட்டேன். கோயில் வாசலில் கழற்றும்போது பூ எல்லாம் ஹெல்மெட்டுக்குள் இருந்தது, ஹேர்பின் ஒன்று பின்மண்டையில் அழுத்தித் தடமே விழுந்துவிட்டது. கொண்டைக்கும் இதே கதைதான். ஹெல்மெட் தலையில் முழுதாக இறங்காது, இறங்காத ஹெல்மெட் தலையைக் காப்பாற்றாது. இப்போது தாழ்வாகப் பின்னல் போட்டு ஜாக்கெட்டுக்குள் விட்டுவிடுகிறேன். பூ ஓர் உணவு டப்பாவில் பெட்டிக்குள் வரும். வண்டியை நிறுத்திவிட்டு, பக்கக் கண்ணாடியைப் பார்த்து வைத்துக்கொள்வேன். அந்த முதல் வருடம் சாயங்காலம் வரை மணந்த ஹெல்மெட் என்னுடையது ஒன்றுதான்.

புடவையில் பின்னால் உட்காரலாமா என்றும் கேட்பார்கள். இந்தியாவில் பைக்குகளின் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் புடவைக் காப்புக் கம்பி வருகிறது, நம் ஊர் வண்டிகளில் அது இருக்காது. முந்தானை சங்கிலியில் சிக்கினால் நினைக்கவே பயமாக இருக்கிறது. தவிர, இங்கே பின்னால் உட்காருபவர் இரண்டு பக்கமும் கால் போட்டுத்தான் உட்கார வேண்டும், ஒரு பக்கமாக உட்காரக் கூடாது. அதனால் என் தங்கை சல்வாரில் வந்து, கோயிலுக்குப் பக்கத்தில் இருக்கும் அத்தை வீட்டில் மாற்றிக்கொள்வாள்.

#11 உட்லண்ட்ஸ்_விடியல்

அக்கா, ஹெல்மெட்டில் மணம் வரும் என்று முதல்முறையாகக் கேள்விப்படுகிறேன். என் கேள்வி ஒன்று பாக்கி: ஓடும்போது தும்மல் வந்தால் என்ன செய்வது? கண் தானாக மூடிவிடுகிறதே.

#12 ஈசூன்_இருசக்கரம்

இதை நான் நிஜமாகவே கணக்குப் போட்டுப் பார்த்தேன். மணிக்கு 90 கிலோமீட்டர் என்றால் ஒரு நொடிக்கு 25 மீட்டர். தும்மி முடித்துக் கண் திறக்க ஒரு நொடி என்று வைத்துக்கொண்டாலும், இரண்டு பேருந்துகளின் நீளத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கடக்கிறோம். அதனால் மூக்கு குறுகுறுக்கத் தொடங்கியதுமே ஆக்சிலரேட்டரை லேசாக விட்டு முன்வண்டிக்கும் நமக்கும் இடைவெளியைக் கூட்டிக்கொள்ள வேண்டும். பிரேக்கைப் பட்டென்று அழுத்தாதீர்கள், பின்னால் வருபவருக்கு உங்கள் தும்மல் தெரியாது. கண்ணாடி மூடிய முழு ஹெல்மெட் என்றால் தலையைக் கீழே சாய்த்து, தாடைப் பக்கம் போகும்படி தும்முங்கள். கண்ணாடியில் பட்டால் எதிரே ஒன்றும் தெரியாது.

#13 பூஞ்சோலை_பல்சர்

சின்னச் சின்னதாக எனக்கு வந்தவை:

"பைக் நம்பரோட கடைசி எழுத்தை நாமே வாங்கலாமா?" முடியாது. கடைசி எழுத்து ஒரு சரிபார்ப்பு எழுத்து. முன்னால் இருக்கும் எழுத்துகளையும் எண்களையும் வைத்து ஒரு கணக்குப் போட்டு, 19-ஆல் வகுத்து, மீதி என்னவோ அதற்கான எழுத்து வரும். 19 எழுத்துகள்தான் பயன்படுகின்றன. அதனால்தான் எந்த வண்டியிலும் கடைசியில் ஐ, ஓ, க்யூ மாதிரி எழுத்துகளைப் பார்க்க முடியாது. இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து சிக்னலில் நிற்கும்போது எல்லாத் தகட்டையும் பார்க்கிறேன்.

"பகல்ல எதுக்கு லைட்டு, பேட்டரி தீராதா?" தீராது, ஓடும்போது சார்ஜ் ஏறிக்கொண்டே இருக்கும். பகலிலும் முன்விளக்கு எரிய வேண்டும் என்பது இங்கே 1995 நவம்பரிலிருந்து சட்டம். கார்க்காரர் கண்ணில் நாம் படவேண்டும், அதுதான் காரணம்.

"பைக்குக்கு ரிவர்ஸ் கியர் உண்டா?" என் மைத்துனர் கேட்டார். எல்லாரும் சிரித்தோம். உண்டு! ஹோண்டா கோல்டுவிங் மாதிரி பெரிய வண்டிகளில் 1980களின் கடைசியிலேயே வந்துவிட்டது. கேட்டவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

#14 முதல்ல_தேடிப்பார்

நியூட்ரல் ஏன் ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லையே. அவசரத்தில் கியரைக் கீழே மிதித்துக்கொண்டே வந்தால் கடைசியில் ஒன்றாம் கியரில் நிற்கும், வண்டி உடனே நகரத் தயாராக இருக்கும். நியூட்ரல் அடியில் இருந்தால் சக்தி இல்லாமல் சாலை நடுவில் நிற்போம். எனக்கு இது தெரிய ஏழு வருடம் ஆனது. கையேட்டில் இதற்குக் காரணம் போடவில்லை.

#15 ஈசூன்_இருசக்கரம்

நன்றி சகோதரா. இப்படித்தான் வேண்டும்.

#16 பழைய_ஆர்எக்ஸ்ஸெட்

என் வண்டி டூ ஸ்ட்ரோக் 135. பின்னால் வருபவர்கள் சிக்னலில் கேட்பது: "அங்கிள், வண்டி எரியுதா?" இல்லை, எண்ணெய்ப் புகை. டூ ஸ்ட்ரோக்கில் 2டி எண்ணெய் பெட்ரோலோடு சேர்ந்து எரிந்துதான் போகும்.

பத்து வருடத்துக்கு முன் ஒரு பையன், "2டி எண்ணெய் தீந்துடுச்சு, வீட்ல விளக்கெண்ணெய் இருக்கு, ஊத்தலாமா?" என்று கேட்டான். அன்றைக்கு எல்லாரும் அவனைப் படுத்திய பாடு எனக்கு மறக்கவில்லை. ஆனால் பந்தய வண்டிகளில் ஆமணக்கெண்ணெயைத்தான் ஒரு காலத்தில் ஊற்றினார்கள். காஸ்ட்ரால் என்ற பெயரே அந்த எண்ணெயின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்தது. பழைய பந்தயக்காரர்கள் அந்த வாசனையைப் பற்றிப் பேசினால் நிறுத்தமாட்டார்கள். அதற்காகச் சமையலறை பாட்டிலை எடுத்து ஊற்றிவிடாதீர்கள். அது பெட்ரோலோடு சரியாகக் கலக்காது, உள்ளே பிசின் மாதிரி படியும். கடையில் ஒரு பாட்டில் 2டி வாங்கிக்கொள்ளுங்கள்.

நீங்கள் பிராட்டா சாப்பிட்ட இடத்துக்குக் கொஞ்சம் தள்ளித்தான் பழைய அப்பர் தாம்சன் சாலை. "அங்க ரேஸ் விட்டாங்களாமே, கதைதானே?" என்று இளைஞர்கள் கேட்பார்கள். கதை இல்லை. 1961-லிருந்து 1973 வரை பொதுச் சாலையை அடைத்துக் கார் பந்தயமும் மோட்டார் சைக்கிள் பந்தயமும் நடந்தன. ஒரு சுற்று ஐந்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. மரங்களுக்கு நடுவே நெளிந்து போகும் அந்தப் பகுதிக்குப் பாம்பு வளைவுகள் என்று பெயர். இப்போது அங்கே நிதானமாகப் போங்கள், குரங்குகள் குறுக்கே வரும்.

கடைசியாக, என்னை வாரம் ஒருமுறையாவது யாராவது கேட்கும் கேள்வி: "2028-க்கு அப்புறம் நிஜமாவே இதை ஓட்ட முடியாதா அங்கிள்?" முடியாது. 2003 ஜூலை 1-க்கு முன் பதிவான மோட்டார் சைக்கிள்கள் 2028 ஜூன் 30-க்குப் பிறகு சாலையில் ஓடக்கூடாது. புகையைக் குறைக்கத்தான், காரணம் எனக்குப் புரிகிறது. மருத்துவமனையிலிருந்து என் மனைவியையும் கைக்குழந்தையையும் டாக்சியில் அனுப்பிவிட்டு, அந்த டாக்சிக்குப் பின்னாலேயே வீடு வரை வந்த வண்டி இது. அந்தக் குழந்தைக்கு அடுத்த வருடம் 18. "அப்பா, நான் லைசென்ஸ் எடுக்கிறதுக்குள்ள ஒரு தடவையாவது ஓட்டக் கொடுப்பீங்களா?" என்கிறான். லைசென்ஸ் எடுக்காமல் எப்படிக் கொடுப்பது? எடுத்ததும் முதல் நாளே கொடுப்பேன் என்று சொல்லியிருக்கிறேன்.

#17 முக்கோணத்தகடு

பழம் இரண்டும் ஒரே தடவையில் நசுங்கின. அம்மாவுக்கு மகிழ்ச்சி.

இப்போது நான் உண்மையிலேயே கேட்க வந்த கேள்வி. இத்தனை பேர் கேட்பதைப் பார்த்ததால் கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை எங்கள் புளோக்கின் வாகன நிறுத்துமிடத்தில், நின்ற இடத்திலேயே வண்டி வலது பக்கம் சாய ஆரம்பித்தது. பிடித்துப் பார்த்தேன், முடியவில்லை, விழுந்துவிட்டது. யாரும் பார்க்கவில்லை. இரண்டு தடவை தூக்கிப் பார்த்தும் எழவில்லை. மூன்றாம் தடவை இடுப்பு பிடித்துக்கொண்டது. சாய்கிற வண்டியைப் பிடிக்க வேண்டுமா, விட்டுவிட வேண்டுமா? தனியாக எப்படித் தூக்குவது? பள்ளியில் காட்டினார்கள், அன்று எனக்கு எதுவும் நினைவுக்கு வரவில்லை.

#18 சூப்பர்ஃபோர்_அக்கா

தம்பி, முதலில் இடுப்பு எப்படி இருக்கிறது? வலி குறையாவிட்டால் மருத்துவரைப் பாருங்கள், வண்டி காத்திருக்கும்.

கொஞ்சம் சாயும்போதே காலை அகட்டி ஊன்றினால் பிடித்துவிடலாம். ஓர் அளவைத் தாண்டிவிட்டால் விட்டுவிடுங்கள். உங்கள் வண்டி ஏறத்தாழ 150 கிலோ, என்னுடையது 200 கிலோவை நெருங்கும். விழுகிற 150 கிலோவைக் கையும் இடுப்பும் தாங்காது. கீறிய கைப்பிடியும் உடைந்த லீவரும் கடையில் கிடைக்கும். காலை மட்டும் உள்ளே மாட்டிக்கொள்ளாமல் விலகிவிடுங்கள்.

தூக்குவதற்கு முன்னால் இன்ஜினை அணையுங்கள், சிவப்புச் சுவிட்ச் போதும். வலது பக்கம் விழுந்தால் கிடக்கும்போதே சைடு ஸ்டாண்டை வெளியே இழுத்துவிடுங்கள். இல்லையென்றால் தூக்கி நிறுத்திய வேகத்தில் மறுபக்கம் விழும். முடிந்தால் ஒன்றாம் கியரில் போடுங்கள், உருளாது. ஹேண்டிலைக் கடைசி வரை தரைப் பக்கமாகத் திருப்பி வையுங்கள். இப்போது வண்டிக்கு முதுகைக் காட்டி, பின்பக்கம் சீட்டில் படும்படி குந்துங்கள். ஒரு கை தாழ இருக்கும் கைப்பிடியில், இன்னொரு கை சீட்டுக்கு அடியில் உறுதியான கம்பியில். முதுகை நேராக வைத்து, சின்னச் சின்ன அடியாகப் பின்னால் நடங்கள். கால்தான் தூக்க வேண்டும், இடுப்பு இல்லை. நான் 48 கிலோ, இப்படித்தான் தூக்குகிறேன்.

பெட்ரோல் கசிந்திருந்தால் உடனே ஸ்டார்ட் செய்யாதீர்கள், கொஞ்ச நேரம் போகட்டும்.

#19 மழைக்கோட்டு

நானும் வண்டியைக் கீழே போட்டிருக்கிறேன். பெட்ரோல் நிலையத்தில், எட்டுப் பேர் முன்னால். எட்டுப் பேரில் நாலு பேர் ஓடி வந்து தூக்கினார்கள். தனியாகத் தூக்க வேண்டிய கட்டாயம் இல்லை தம்பி, ஒரு குரல் கொடுத்தால் யாராவது வருவார்கள்.

#20 உட்லண்ட்ஸ்_விடியல்

நான் கடற்பாலத்திலேயே போட்டிருக்கிறேன். என்னைத் தூக்கிவிட்டவர் மொழி எனக்குத் தெரியாது.

#21 முதல்ல_தேடிப்பார்

நானும்தான். தேர்ச்சி பெற்ற அன்றைக்கே.

#22 முக்கோணத்தகடு

இடுப்பு சரியாகிவிட்டது அக்கா. நேற்று அப்பா பக்கத்தில் நிற்க, புல்தரையில் வண்டியை மெதுவாகப் படுக்க வைத்து நீங்கள் சொன்னபடி தூக்கிப் பார்த்தேன். எழுந்துவிட்டது. அப்பாவும் ஒரு தடவை தூக்கிப் பார்த்தார்.

இன்னொரு கேள்வி வந்துவிட்டது. ஞாயிறு காலை அம்மாவைப் பின்னால் உட்கார வைத்துத் தேக்காவுக்கு அழைத்துப் போகிறேன். "நான் எங்கேப்பா பிடிச்சிக்கிறது? நீ திரும்பும்போது நானும் திரும்பணுமா?" என்று கேட்கிறார். என்ன சொல்ல?

#23 சூப்பர்ஃபோர்_அக்கா

தோளைப் பிடிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள், நீங்கள் பிரேக் போட்டால் அவருடைய எடை முழுக்க உங்கள் கைக்கு வந்து ஹேண்டில் ஆடும். ஒரு கையால் உங்கள் இடுப்பு, இன்னொரு கையால் பின்னால் இருக்கும் கம்பி. திரும்பும் பக்கத்து உங்கள் தோளுக்கு மேலாக அவர் எட்டிப் பார்த்தால் போதும், உடம்பு தானாகச் சரியான அளவு சாயும். வண்டி சாய்கிறதே என்று எதிர்ப்பக்கம் இழுக்கக் கூடாது, அதை மட்டும் இரண்டு தடவை சொல்லுங்கள். சிக்னலில் நிற்கும்போது காலை கீழே வைக்க வேண்டாம். நீங்கள் "ஏறுங்க" என்று சொன்ன பிறகுதான் ஏற வேண்டும், "இறங்குங்க" என்ற பிறகுதான் இறங்க வேண்டும். இறங்கும்போது இடது பக்கமாக, புகைக்குழாயில் கால் படாமல். ஹெல்மெட் அவர் தலைக்குச் சரியான அளவா, பாதுகாப்புச் சோதனையில் தேறியதற்கான ஸ்டிக்கர் இருக்கிறதா என்று முந்தின நாளே பார்த்துவிடுங்கள், வாரை நீங்களே மாட்டிவிடுங்கள். பின்னால் எடை கூடினால் பிரேக் பிடித்து நிற்க அதிக தூரம் ஆகும், அதனால் புளோக்கைச் சுற்றி முதலில் நாலு சுற்று போய்ப் பாருங்கள்.

பூ வைத்திருந்தால் டப்பாவில்.

#24 முக்கோணத்தகடு

டப்பா எடுத்து வைத்துவிட்டேன் அக்கா.